சாட்சியில் செத்துப்போனவர்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பஸ் போர்டும் லாரிகளின் முதுகும், கடைசியில் வேதமும்தான். அப்போதெல்லாம் எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒரு கோடாலியும் ஒரு கித்தான் பையும் போதும் என்று திரிந்த காலத்தில் ஒரு மனிதரின் காலை எடுத்தேன். மூன்று வருஷத்துக்குள் மேடையில் நின்று அவர் உயிரையும் எடுத்தேன். காலைப் பற்றி ஊர் ஊராகப் பேசியாகிவிட்டது. உயிரைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வாரம் அது. கரும்பு வெட்டு ஆரம்பிக்காத மாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைப் பக்கம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஒன்றும் ஓடவில்லை. வழியில் ஒரு கூட்டம் என் தோளில் இருந்த கோடாலியைப் பார்த்து நிறுத்தியது.

"யோவ், எந்தூருய்யா நீ?"

"ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப எல்லா ஊரும் உன்னுதுதான். வா, ரெண்டு மரம் சாச்சிட்டுப் போ. சோறு உண்டு."

அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை. எட்டாவதில் நின்றவனுக்கு எந்த ஒதுக்கீடும் எட்டப்போவதில்லை. முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இரண்டு பொட்டலம் புளிச்சோறும் ஒரு சாராயப் பொட்டலமும் கொடுத்தார்கள். அன்று இரண்டு மரம் சாய்த்தேன். கூட்டத்தோடு அங்கேயே படுத்து எழுந்தேன். மறுநாள் மூன்றாவது மரத்தைக் காட்டினார்கள். இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் கைக்குள் அடங்காத புளியமரம்.

அதன் அடியில் ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு மரப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு. அதுதான் கடை.

"வெட்டுங்க, நானும் உங்க ஆளுதான். நம்ம புள்ளைங்களுக்குத்தான கேக்குறீங்க?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆனா பெட்டிய எடுத்துக்கினு போவ கொஞ்சம் டைம் குடுங்க."

கொடுத்தார்கள். பெட்டியையும் தொட்டியையும் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, தன் கடையின் கூரை வெட்டுப்படுவதை வேடிக்கை பார்த்தார்.

புளியமரம் லேசில் சாயாது. மதியம் தாண்டியும் அது நின்றது. சுற்றி நின்றவர்கள் சலித்துப்போய்க் கிண்டல் செய்தார்கள். "இன்னாடா, மரத்துக்கு முதுகு சொறிஞ்சி வுடுறியா?" என்று ஒருவன் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

மரம் வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மரம் முனக ஆரம்பித்ததும் அடிமரத்தில் நிற்பவன் மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் சாய்ப்பவனோடு யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். நான் மூன்று தடவை "ஒதுங்கு!" என்று கத்தினேன். எல்லோரும் ஒதுங்கினார்கள். கோடாலியை ஓங்கினேன். அப்போது அந்தப் பஞ்சர்க்காரர் எழுந்து ஓடி வந்தார். பம்பை மறந்து சாலை ஓரத்திலேயே விட்டிருந்தார். அதை எடுக்கக் குனிந்தார்.

நான் பார்த்தேன். மூன்று குரலும் முடிந்துவிட்டது. நாலாவது கொடுத்திருக்கலாம். கையை நிறுத்தியிருக்கலாம். கூட்டம் அப்போதுதான் கிண்டலை விட்டுக் கைதட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வெட்டு வெட்டினேன். அவர் ஓடிவிடுவார் என்று நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை.

ஒரு பெரிய கிளை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கியது.

கிளையை வெட்டி அவரை எடுத்து ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டோம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கொஞ்ச தூரத்தில் முதல் மரம் குறுக்கே கிடந்தது. கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, அடிமரத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறக்கினோம். ஒவ்வொரு தடவை கட்டிலைச் சாய்க்கும்போதும் அவர் அலறினார். இப்படி மரத்துக்கு மரம். யாருடைய கோடாலி என்று வெட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வழியில் இரண்டு மரங்கள் அடுத்தவருடையவை, இரண்டு என்னுடையவை. என்னுடைய இரண்டாவது மரத்தைத் தாண்டியதும், தோள் மாற்ற வந்தவனிடம் என் முனையைக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி வயலில் இறங்கினேன். திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடந்தேன். கோடாலியைப் புளியமரத்தடியிலேயே விட்டிருந்தேன்.

மேற்கே கல்வராயன் மலை. போலீஸ் தேடி வருமோ என்ற பயத்தில் ஏறினேன். யாரும் தேடவில்லை. என்னை மாதிரி ஆளுக்கு ஒரு பேர் இருப்பதே யாருக்கும் தெரியாது. மலையில் கடுக்காய் பொறுக்கினேன், மரவள்ளி பிடுங்கினேன், சாமை அறுத்தேன். அடுத்த மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடந்தேன். அங்கிருந்து என்னைத் தூக்கிப் போய்க் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்தவர் ஒரு பாஸ்டர். கீழ்நாட்டிலிருந்து வந்து வெள்ளிமலைக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன சபையை நடத்திக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதில் அவர் அப்படித் தெரியமாட்டார்.

காய்ச்சல் விட்டதும் போக மனம் வரவில்லை. அங்கே பாடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. பாஸ்டர் அடிக்கடி ஒன்றைச் சொல்லுவார். வெள்ளியைப் புடம் போடுகிறவன் அதை நெருப்பில் காய்ச்சுவான். கசடு மேலே மிதந்து வரும். வழித்து வழித்துப் போடுவான். தன் முகம் அதில் தெரிகிற வரைக்கும் நெருப்பை அணைக்கமாட்டான். ஆண்டவரும் மனிதனை அப்படித்தான் செய்கிறார் என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. நெருப்பில் நிற்பது எனக்குப் பழக்கம்தான், அதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் சபை முன் நின்று செய்த பாவங்களைச் சொல்ல வேண்டும். அதைச் சாட்சி என்பார்கள். "உள்ள இருக்கிறத எல்லாம் கொட்டிடு தம்பி. ஒண்ணு மிச்சம் வெச்சினு தண்ணியில எறங்காத" என்றார் பாஸ்டர்.

கொட்டினேன். திருடியது, குடித்தது, பொய் சொன்னது, மரம், கால், கட்டில், ஓடி வந்தது எல்லாம். அவர் குனிந்ததைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. "தெரியாம நடந்துபோச்சி" என்றேன். அந்த ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டுதான் ஓடையில் இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. மேலே வந்தபோது எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை.

சாட்சி நன்றாக இருந்தது என்று பேச்சு பரவியது. பாஸ்டர் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து என்னை வேறு சபைகளுக்கு அழைத்துப்போனார். கச்சிராயப்பாளையம், சின்னசேலம், சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள். பிறந்ததிலிருந்து என் பேச்சை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. இப்போது பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். கோழிக்குழம்பு ஊற்றினார்கள்.

ஓர் ஊரில் கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா கேட்டார். "அந்தக் காலு போனவரு இன்னா ஆனாரு தம்பி?"

"தெரியலீங்கம்மா."

அந்த அம்மாவின் முகத்தில் ஏதோ அணைந்தது. திரும்பி வரும் வழியில் பாஸ்டர் சொன்னார். "தெரியாதுன்னு சொன்னா ஜனங்க மனசு அங்கியே நின்னுடுது தம்பி. ஆண்டவர்கிட்ட போவ மாட்டேங்குது."

பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஊரில், "பொழைச்சிருக்க மாட்டாரு" என்றேன். அதற்கடுத்த ஊரில், "ஆஸ்பத்திரி போய்ச் சேந்தாரோ இல்லியோ" என்று நிறுத்தினேன். ஒரு மூலையிலிருந்து விம்மல் கேட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் அழுவார்கள் என்று எனக்குப் பழகிவிட்டது. இரண்டு மாதத்தில் அவர் செத்துப்போனார். புளிச்சோற்றுப் பொட்டலமும் சாட்சியிலிருந்து உதிர்ந்துபோனது, சோற்றுக்காக மரம் வெட்டினேன் என்றால் ஜனங்கள் பரிதாபப்படுகிறார்கள், பயப்படுவதில்லை. சாராயம் மட்டும் தங்கியது, ஒன்று நாலாகி. கசடை வழித்து வழித்துப் போட்டுச் சாட்சியைப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். நான் அப்படியேதான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைக் கேட்டு ஒரு லாரி டிரைவர் குடியை விட்டார். பேச்சை முறித்திருந்த அண்ணன் தம்பி இருவர் மறுபடி பேசிக்கொண்டார்கள். பொய்யிலிருந்து அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

மூன்றாவது வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு திடலில் மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் போட்டார்கள். நாடு முழுக்க மறுபடியும் இட ஒதுக்கீட்டுப் பேச்சாக இருந்த சமயம். டீக்கடைகளில் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார்கள். அந்தச் சூட்டில் என் சாட்சி எடுபடும் என்று பாஸ்டர் நினைத்தார். பஸ் நிலையம் வரைக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் என்னை மேடை ஏற்றினார்கள்.

"அந்த மனுஷன் அதே மரத்தடியில துடிச்சித் துடிச்சி செத்தாரு! அவரோட ரத்தம் இந்தக் கையில இருக்குது!" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். பந்தல் அழுதது. எத்தனையோ பேர் முன்னால் வந்து முழங்காலிட்டார்கள்.

மறுநாள் காலை பந்தலுக்குப் பின்னால் நானும் பாஸ்டரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். வலது பக்கம் வேட்டி காலியாக ஆடியது.

"நேத்து மைக்குல பேசினது யாரு?"

பாஸ்டர் பெருமையாக என்னைக் காட்டினார். வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா. கொரல வெச்சே நெனச்சேன். மூணு தடவை 'ஒதுங்கு'ன்னு கத்துன கொரலாச்சே." கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டார். "ஆமா, என்னை எப்பய்யா சாவடிச்ச?"

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். பாஸ்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, அவரு நீங்கதானா? ஸ்தோத்திரம்! ஆண்டவர் உங்கள உயிரோட வெச்சிருக்காரே!"

"எங்க வெச்சாரு? நேத்து சாயங்காலந்தான் செத்தேன். எங்கூட்டுக்காரி கடையில உக்காந்து கேட்டுக்கினு இருந்தா. 'யோவ், உன்னைச் சாவடிச்சிட்டான்யா, ராத்திரிக்கி உனக்குச் சோறு வெக்கட்டுமா வேணாமா'ன்றா."

பாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் ஏதோ ஏறிவிட்டது. "ஐயா, இன்னிக்கிக் கடைசி நாள் கூட்டம். நீங்களும் இந்தத் தம்பியும் மேடையில ஒண்ணா நிக்கணும். செத்தவரு உயிரோட வந்தாரு, மன்னிச்சாருன்னு ஜனங்க பாக்கணும். எத்தினி ஆத்துமா வரும் தெரியுமா?"

"சாவடிக்கிறப்பவும் என்னைக் கேக்கல. இப்ப எழுப்புறப்பவும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." அவர் குரல் ஏறவில்லை. என்னைப் பார்த்து, "நீ சாயங்காலம் கடைக்கி வா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. இவுரு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவர் போனதும் பாஸ்டரிடம், "இன்னிக்கி மைக்குல உண்மைய சொல்லிடறேன் ஐயா" என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "நேத்து முழங்கால் போட்டவங்க நெனைப்ப வெச்சிப் பேசு தம்பி. அவங்க விசுவாசம் ஒடைஞ்சா அந்தப் பாவம் யாரச் சேரும்?" என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். இப்போது மரத்தடியில் இல்லை, நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தது. அவர் ஒரு டியூபில் காற்றடித்து, அதைத் தொட்டித் தண்ணீரில் அழுத்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நான் மண்ணில் உட்கார்ந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம். எம் பெரிய பொண்ணு டீச்சர் ட்ரெயினிங் சேந்திருக்கு, தெரியுமா? அன்னிக்கி கேட்டாங்களே, அந்த ஒதுக்கீட்டுல. எங்க வம்சத்துல அதான் மொதல்ல." டியூபைத் திருப்பித் திருப்பி அழுத்தினார். "அட்மிஷன் கார்டு வந்த அன்னிக்கி வூட்டுல எல்லாரும் அழுதுக்கினு இருந்தாங்க. நான் அழல. சரி, காலு இதுக்குத்தான் போச்சின்னு நெனச்சேன். ஊரே புள்ளைங்களுக்காக ரோட்டுல நின்னுது. நம்ம பங்குக்கு ஒரு காலு. தப்பும் என்னுதுதான். மூணு கொரலு குடுத்த, கேட்டுது. அதுக்கப்புறம்தான் பம்புக்காவ ஓடியாந்தேன். யாரு மேலயும் எனக்குக் கோவம் இல்ல."

தண்ணீரில் குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நேத்து நீ பேசினத கேட்டதிலேர்ந்துதான் தூக்கம் இல்ல. தெரியாம நடந்துதுன்னா இவன் எதுக்கு இந்த மாரி கத்துறான்? அதான் கேக்குறேன். மைக்குல சொல்ற மாரி வேணாம். நான் குனிஞ்சப்ப நீ என்னைப் பாத்தியா?"

அவர் கேட்டதற்கு நான் இரண்டு வருஷமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஓடையில் இறங்கும் முன் சபைக்குச் சொன்னதும் அதுதான். ஆனால் வேறு எங்கேயும் சொல்லாததை இங்கேயாவது சொன்னால்தான் நான் சுத்தமாவேன் என்று தோன்றியது. எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மரம் சாய்ந்த அன்றைக்கும் யோசிக்கவில்லை.

"பாத்தேங்க."

"அப்புறம்?"

"இன்னும் ஒரு வெட்டு வெட்டினேன்."

"ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க."

"எதுக்கு?"

"கை தட்டிக்கினு இருந்தாங்க."

அவர் விரலை எடுத்துவிட்டார். குமிழிகள் சிறிது நேரம் வந்துகொண்டிருந்தன. காற்று முழுக்க இறங்கிய டியூப் தொட்டியில் தொங்கியது. அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"கேட்டது நான்தான்" என்றார் கடைசியில். "ஆனா இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல? ஊரு பூரா மைக்குல பொய் சொன்ன. எனக்கு ஒண்ணு சொல்றதுக்கு உனக்கு இன்னா வந்துது?"

பெட்டியைத் திறந்து உப்புத்தாளைத் துழாவினார்.

"நான் பாட்டுக்கு எம் பொண்ணுக்குக் குடுத்தேன்னு சொல்லிக்கினு இருந்தேன். இனிமே யாருக்குக் குடுத்தேன்னு சொல்லுவேன், சொல்லு. கை தட்னவனுக்கா?"

"மன்னிச்சிடுங்க" என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"உங்க ஆண்டவரு மன்னிச்சிட்டாருன்னு நேத்தே மைக்குல சொல்லிட்டியே. அப்புறம் என்னாண்ட இன்னா வேலை? காலு அவருதா?"

இத்தனை வருஷமாக நான் தூக்கித் திரிந்ததை, சுத்தமாகிறேன் என்று சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர் மேல் இறக்கி வைத்திருந்தேன். மனந்திரும்புதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அது யார் செலவில் நடக்கிறது என்று அவற்றில் ஒன்றிலும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் சரியா என்று கேட்டால், அதுவும் சரியில்லை. இரண்டில் எது குறைந்த பாவம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னைவிட அதிகம் படித்தவர்களாக இருப்பார்கள்.

அப்போது தலைக்கு மேல் இருந்த கூம்பு ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டு முடிந்து பாஸ்டரின் குரல் வந்தது. சாட்சி சொல்ல வேண்டிய சகோதரர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும் என்றார்.

பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கூப்புடறாங்க. போ."

எழுந்து எதிரே பஸ் நிலையத்துக்குள் போனேன். புறப்படத் தயாராக நின்ற முதல் பஸ்ஸில் போர்டு பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகத் தகரத்துக்குக் கீழே அவர் குனிந்து காற்றடிப்பது தெரிந்தது. பாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். பிறகு இன்னொரு தடவை. அந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.